வீங்காத கால்



காவிரிப் படுகையில் சுகாதாரக் கல்வியாளராக வேலை பார்ப்பது பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். அலுவலகத்தில் இந்த வேலைக்குப் பதவிப் பெயர்கள் பல உண்டு. ஊருக்குள் போனால் இரண்டே பெயர்கள்தாம். பெண்ணாக இருந்தால் 'நர்சம்மா'. ஆணாக இருந்தால் 'கொசுமருந்து சார்'. என்னைக் கொசுமருந்து சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை நான் பெருமையாகவே சுமந்தேன். ஒரு வீட்டின் கொல்லைப்புறம் வரை போய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கும் உரிமையை எனக்கு வாங்கிக் கொடுத்தது அந்தப் பெயர்தான்.

இன்று நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன். நடக்காமல் போன ஒன்றை எப்படிக் காட்டுவது? வராமல் போன நோயை எந்தக் கண் பார்க்கும்? ஒரு மனிதனுக்குக் கால் வீங்கவில்லை. ஏன் வீங்கவில்லை என்று அவன் யாரையாவது கேட்பானா? சுகாதாரக் கல்வியின் எல்லாச் சிரமமும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. எல்லா மேன்மையும் இங்கேதான் இருக்கிறது என்றும் சொல்வேன்.

நம் படுகை மக்களுக்குப் புதியதை ஏற்கத் தெரியாது என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். வரலாறும் அதை ஏற்காது. 1960இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் வந்தபோது இந்தியாவிலேயே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் ஒன்று அன்றைய ஒருங்கிணைந்த தஞ்சாவூர். நம் பெரியவர்கள் அதைப் 'பேக்கேஜ் திட்டம்' என்றுதான் சொல்வார்கள். அந்த அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஒரு நெல்லை வெளியிட்டது. ஆடுதுறை 27. குறுவைக்கு ஏற்ற, குறைந்த நாளில் விளையும் நெல். திருச்சி வானொலி அந்த நெல்லைப் பற்றி ஓயாமல் பேசியது. எந்த வயலுக்கு ஏற்றது, எப்போது நாற்றுவிட வேண்டும், எவ்வளவு உரம் என்று விவசாயிகளையே பேசவைத்து ஒலிபரப்பியது. சில பருவங்களுக்குள் அது படுகை முழுவதும் பரவியது. ஊரில் அதற்கு ஆடுதுறை 27 என்ற பெயரே இல்லை. மக்கள் வைத்த பெயர் 'ரேடியோ நெல்'.

அறிவுரை கேட்டு ஒரு மாவட்டமே விதையை மாற்றியது. இதைச் செய்தவர்கள் பிடிவாதக்காரர்களா? பழமைவாதிகளா? இல்லவே இல்லை.

அப்படியானால் அதே திருச்சி வானொலி, அதே மக்களிடம், "யானைக்கால் மாத்திரையை வருடத்துக்கு ஒருமுறை சாப்பிடுங்கள்" என்றபோது ஏன் அவ்வளவு தயக்கம்? நெல்லை ஒருவர் முதலில் போட்டார். மற்றவர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். கதிர் வந்தது, மணி முற்றியது, மூட்டை எண்ணிக்கை தெரிந்தது. நான்கு மாதத்துக்குள் கண்ணால் கண்ட சாட்சி. மாத்திரை சாப்பிட்ட வீட்டையும் சாப்பிடாத வீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நான்கு மாதத்தில் என்ன வித்தியாசம் தெரியும்? நான்கு வருடம் ஆனாலும் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. இரண்டு வீட்டிலும் கால்கள் ஒன்றுபோலவே இருக்கும். இந்த 'ஒன்றும் தெரியாது' என்பதோடுதான் எங்கள் மல்லுக்கட்டு.

அன்பர்களே, யானைக்கால் நோயை நான் உதாரணமாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இந்த நோயோடு நம் கும்பகோணத்தின் பெயரைச் சேர்த்தே சொன்ன ஒரு காலம் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறவி என்றார்கள், சாபம் என்றார்கள், தண்ணீர்க் கோளாறு என்றார்கள். உண்மையில் அது ஒரு புழு. நூல்போன்ற புழு, நிணநீர்க் குழாய்க்குள் குடியிருப்பது. 1872இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற மருத்துவர் மனித ரத்தத்தில் அதன் குஞ்சுகளைப் பார்த்தார். சில ஆண்டுகளில் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன், அந்தக் குஞ்சுகள் கொசுவுக்குள் போய் வளர்வதைக் கண்டார். ஒரு நோய்க்கும் ஒரு பூச்சிக்கும் உள்ள உறவை உலகம் புரிந்துகொண்ட முதல் இடங்களில் அது ஒன்று.

அந்தக் கொசு எங்கே வளர்கிறது? வயலில் ஓடும் நல்ல தண்ணீரில் அல்ல. சாக்கடையில், அடைபட்ட கழிவுநீர்க் கால்வாயில், மூடி உடைந்த கழிவுத் தொட்டியில். நகரம் தன் கழிவை வாய்க்காலில் விடும் இடத்தில் அது பெருகுகிறது. எத்தனை வாய்க்கால்கள் நம் ஊர்களில் இப்போது சாக்கடைகளாக மாறியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆற்றுப் பாசனத்தையும் இந்த நோயையும் பிரித்துப் பேச முடியாமல் போனதற்கு ஆறு காரணமில்லை, நாம் அதில் விட்டதுதான் காரணம்.

இந்தப் புழுவுக்கு ஒரு விசித்திரமான பழக்கம். அதன் குஞ்சுகள் பகலில் உடலின் உள்ளே, நுரையீரல் பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். இரவு பத்து மணிக்கு மேல் இரண்டு மணி வரையில்தான் மேலோட்டமான ரத்தத்துக்கு வரும். கொசு கடிக்கும் நேரம் அதுதானே! ஆகவே ரத்தம் எடுப்பதும் இரவில்தான். 1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது முதல் எங்கள் ஆட்கள் இரவில்தான் ஊருக்குள் நடந்தார்கள். கையில் டார்ச், தோளில் பை, பைக்குள் கண்ணாடித் தகடுகள், ஊசி, பஞ்சு, ஸ்பிரிட், ஒரு நோட்டு. ஊர் அடங்கியபின் கதவைத் தட்ட வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள். பகலெல்லாம் நடவு நட்டுவிட்டு வந்து கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தவனை எழுப்பி, "விரலை நீட்டு, ரத்தம் எடுக்கணும்" என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? "எங்க ரத்தத்த வித்துக் காசாக்குறாங்க" என்று ஒரு பேச்சு கிளம்பாத ஊரே கிடையாது. "எனக்கென்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்?" என்று கேட்காத மனிதரும் கிடையாது.

நியாயமான கேள்வி. அதற்குச் சொற்பொழிவால் பதில் சொல்ல முடியாது. ஒரு கிராமத்தில் எங்கள் ஆய்வகக்காரர் என்ன செய்தார் தெரியுமா? சத்துணவுக் கூடத்து மேசையில் நுண்ணோக்கியை வைத்தார். அப்போதுதான் எடுத்த ஒரு துளியைக் காயவிடாமல் தகட்டில் வைத்து, ஊர்ப்பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பெரியவருக்கு ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்ப்பது பிடிபடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அட, நெளியுதுடா!" என்றார். ரத்த அணுக்களைத் தள்ளிக்கொண்டு அந்தக் குஞ்சுப் புழு வாலை அடித்து நெளிந்துகொண்டிருந்தது. அது யாருடைய ரத்தம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லக் கூடாது. ரத்தம் கொடுத்தவருக்கு மட்டும் தனியே சொன்னோம். அவர் காலில் வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, கட்டுமஸ்தான ஆள். அன்று இரவு அந்தத் தெருவில் அதன்பிறகு எந்த வீட்டிலும் யாரும் விரலை மடக்கவில்லை.

நடக்காததைக் காட்ட முடியாது. நடந்துகொண்டிருப்பதைக் காட்ட முடியும். சுகாதாரக் கல்வியாளன் தேட வேண்டியது அந்த நுண்ணோக்கியைத்தான். ஒவ்வொரு நோய்க்கும் அது வேறுவேறு வடிவில் இருக்கும்.

பிறகு உத்தி மாறியது. இரவில் தேடித் தேடி ஒவ்வொருவராகக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, நோய் உள்ள மாவட்டத்தில் எல்லோருக்குமே ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி. என்ற யானைக்கால் மாத்திரை கொடுப்பது என்று வந்தது. 1996-97இல் இந்தியாவில் 7 மாநிலங்களில் 13 மாவட்டங்களில் சோதனை முறையில் தொடங்கினார்கள். தமிழ்நாடும் அதில் இருந்தது. 2004 முதல் நாடு முழுக்க விரிந்தது. பின்னால் அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்ந்தது. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை, கர்ப்பிணி, கடுமையாக நோயுற்றவர் ஆகியோர் தவிர மற்ற எல்லோரும் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது.

ஏன் ஆண்டுதோறும்? தாய்ப்புழு பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். மாத்திரை முக்கியமாகக் குஞ்சுகளைக் கொல்கிறது. தாய்ப்புழு ஓய்ந்து சாகும் வரை ரத்தத்தில் குஞ்சே இல்லாமல் பார்த்துக்கொண்டால், கொசு கடித்தாலும் எடுத்துச் செல்ல அதற்கு ஒன்றும் கிடைக்காது. சங்கிலி அறுந்துவிடும். ஊர் மக்கள்தொகையில் குறைந்தது 65 விழுக்காட்டினராவது விழுங்கினால்தான் அது அறுபடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதாவது நான் சாப்பிடுவது என் காலுக்காக மட்டுமில்லை, எதிர்வீட்டுக் குழந்தையின் காலுக்காகவும்தான். இதை ஒரு தாய்க்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? முடியும். நம் தாய்மார்கள் எதிர்வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துத்தான் சோறு வைத்தவர்கள்.

ஆனால் ஒன்று. மாத்திரை கொடுத்ததும் மாத்திரை விழுங்கியதும் ஒன்றில்லை. பதிவேட்டில் கொடுத்த கணக்கு எப்போதும் அழகாக இருக்கும். கூரை வீட்டுக்குள் போய் இறவாணத்தைப் பார்த்தால், பழைய ரேஷன் அட்டைக்கும் சீப்புக்கும் இடையில் அந்தத் தாள் பொட்டலம் செருகியபடியே இருக்கும். "அப்பறமா போட்டுக்கறேன் சார்." ஏன் அப்புறம்? பயம். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கு மாத்திரை போட்ட இரவே காய்ச்சல், தலைச்சுற்றல். அந்தச் செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது.

இங்கேதான் கல்வியாளர் வேண்டும். அந்தக் காய்ச்சலை மறைத்துப் பேசுகிறவன் அடுத்த வருடம் அந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியாது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "சிலருக்குக் காய்ச்சல் வரும், தலை வலிக்கும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். உள்ளே இருக்கிற புழு சாகிறபோதுதான் பெரும்பாலும் அப்படி வரும். உங்களுக்கு வந்தால் நான் வருகிறேன், இதோ என் நம்பர்." இப்படிச் சொன்ன ஊர்களில், மாத்திரை போட்டுக் காய்ச்சல் வந்தவரே அடுத்த வருடம் நம் பக்கத்துச் சாட்சியாக நின்றார். "எனக்குள்ள இருந்திருக்கு பாத்தியா" என்று அவரே டீக்கடையில் சொன்னார். நெல்லுக்கு வரப்பு சாட்சி என்றால், மாத்திரைக்கு அந்தக் காய்ச்சல் சாட்சி. எந்தக் காய்ச்சல் நம்மைத் தோற்கடிக்கும் என்று பயந்தோமோ அதுவே நம்மை ஜெயிக்கவைத்தது.

இன்று தமிழ்நாட்டில் நோய்ப் பரவல் இருந்த மாவட்டங்களில் பொது மாத்திரை வழங்கல் நின்று, ஆறு, ஏழு வயதுப் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்துக் கண்காணிக்கும் கட்டம் வந்திருக்கிறது. நம் அண்டை நாடான இலங்கை 2016இலேயே இந்த நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இந்தியா 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது. இது சாதாரண வெற்றியா? தலைமுறை தலைமுறையாகச் சாபம் என்று எண்ணியிருந்ததை, கண்ணாடித் தகடோடு இரவில் நடந்தவர்களும், மாத்திரையை விழுங்கும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்களும் முடித்துவைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சிலை இல்லை. கல்வெட்டும் இல்லை.

சரி, ஏற்கெனவே வீங்கிய கால்கள்? அவற்றை மறந்துவிடலாமா? நான் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டத்திலேயே அந்தத் துயரத்தோடு இருப்பவர்கள் இருக்கலாம். வீங்கிய கால் பழையபடி ஆகாது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்தக் காலில் திரும்பத் திரும்ப வரும் குளிர்ஜுரத்தை நிறுத்த முடியும். தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து கொதிக்கும், நாலைந்து நாள் படுக்கையில் போடும். ஒவ்வொரு முறை அது வந்து போகும்போதும் வீக்கம் இன்னும் ஒரு படி ஏறும். அது புழுவால் வருவதில்லை. தோலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகப் போகும் கிருமியால் வருகிறது.

அந்த வெடிப்பு நம் ஊரில் எங்கிருந்து வருகிறது? சேற்றுப்புண். நடவு நட்ட எந்தப் பெண்ணையும் கேளுங்கள். காலை ஆறு மணிக்குச் சேற்றில் இறங்கினால் மதியம் வரை கால் தண்ணீரிலேயே இருக்கும். விரலிடுக்கு வெளுத்து, ஊறி, பிளந்துவிடும். அரிக்கும், எரியும். மருதாணி அரைத்து வைப்பார்கள், மஞ்சள் வைப்பார்கள், மறுநாள் அதே காலோடு அதே சேற்றில் இறங்குவார்கள். இறங்காவிட்டால் கூலி கிடையாது. நல்ல காலுக்கு அது வெறும் அரிப்பு. யானைக்கால் உள்ள காலுக்கு அது கிருமிக்குத் திறந்த கதவு.

"கால்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சுவரொட்டி ஒட்டினால் போதுமா? போதாது தாய்மார்களே, போதவே போதாது. நான் பார்த்த மிகச் சிறந்த சுகாதாரக் கல்வி ஒரு பம்புசெட்டுத் தொட்டி அருகில் நடந்தது. ஒரு நர்சம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, யானைக்கால் கண்ட ஓர் அம்மாளின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். சாதாரணக் குளியல் சோப்பு. சூடில்லாத தண்ணீர். மடிப்பு மடிப்பாக இருந்த தோலைப் பிரித்துப் பிரித்துக் கழுவினார். தேய்க்கவில்லை. பிறகு பழைய வேட்டித் துணியைக் கிழித்து, சின்னத் திரியாகச் சுற்றி, ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்தார். ஐந்து விரல், நான்கு இடுக்கு, ஒவ்வொன்றும் தனித்தனியாக. வெடிப்பு இருந்த இடத்தில் களிம்பு. கழுவுவதைவிடத் துடைப்பதற்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்தார். "கழுவறது பாதி வேலைதான் அக்கா, காயவைக்கறதுதான் மீதி. ராத்திரி படுக்கும்போது காலுக்குக் கீழ தலகாணி வைங்க" என்றார். அந்த அம்மாள் அழுதார். வலியால் இல்லை. அந்தக் காலை வீட்டில் பெற்ற பிள்ளைகள்கூடத் தொட்டுப் பல வருடமாயிற்று என்றார்.

சுற்றி நின்ற நடவுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அவர்களுக்கு விரலிடுக்கைத் துடைக்கச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த சம்பா முடிகிற வரை அந்த அம்மாளுக்குக் குளிர்ஜுரம் வரவில்லை. இது நடந்ததா, நடக்காததா? ஜுரம் வரவில்லை என்பது நடக்காததுதான். ஆனால் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது நின்றுபோனால் அதை ஊரே கவனிக்கும். ஏற்கெனவே துன்பப்படுகிறவரிடமிருந்துதான் நாம் தொடங்க வேண்டும் என்பதை அந்தப் பம்புசெட்டு எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இனி வேறு சில இடங்களுக்கும் போவோம். சத்து மாத்திரை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரைக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. அது ஏன் வயிற்றுக்குள் போகவில்லை? மலம் கறுப்பாகப் போகிறது என்ற அச்சம். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சு. பிள்ளை பெரிதாக வளர்ந்து பிரசவம் சிக்கலாகும் என்று மாமியார் சொன்ன சொல். இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு, ஆனால் பதில் மருமகளிடம் சொன்னால் பயனில்லை, அந்த மாமியாரிடம், பிறக்கப்போகும் பிள்ளையின் அப்பாயியிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று நம் ஊருக்கே உரியது. சாப்பிட்ட கையோடு காபி. காபியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. காபியை விடச் சொன்னால் கும்பகோணத்தில் யார் கேட்பார்கள்? ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், மாத்திரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் கேட்கிறார்கள்.

அடுத்தது பாம்பு. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். நல்லபாம்பையும் கண்ணாடி விரியனையும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதிகம் பயம் கட்டுவிரியனிடம். அது இரவில் வீட்டுக்குள் வரும். தரையில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், வாந்தி என்பார்கள், கண் இமை தானாக மூடிக்கொள்ளும், பேச்சு குழறும். வயிற்றுவலிக்குக் கஷாயம் காய்ச்சும் நேரத்தில் உயிர் போய்விடும். விடிகாலை வயிற்றுவலியோடு இமை சொருகினால் உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கட்ட வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. ஒவ்வொரு கடியும் இனிக் கணக்கில் வர வேண்டும்.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. கொசுவலை. பாயின் நான்கு பக்கமும் அடியில் செருகிவிட்டுப் படுங்கள். தெற்கு நேபாளச் சமவெளியில் நடந்த ஓர் ஆய்வு, கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைவு என்று காட்டியது. யானைக்கால் கொசு கடிப்பதும் இரவில். கட்டுவிரியன் கடிப்பதும் இரவில். கொசுவுக்காக வலை கட்டு என்றால் "புழுக்கமா இருக்கு சார்" என்பவர், கட்டுவிரியனுக்காகக் கட்டு என்றால் அன்றே கட்டுகிறார். ஏனென்றால் கட்டுவிரியன் கடித்து இறந்த ஒருவரையாவது ஒவ்வொரு ஊருக்கும் பெயர் சொல்லித் தெரியும். மறுபடியும் அதே பாடம். கண்ணுக்குத் தெரிந்த துன்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத துன்பத்தையும் தடுக்கலாம்.

ரத்த அழுத்தமும் இப்படித்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின், தன்னார்வலப் பெண்கள் வீட்டு வாசலிலேயே அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். நல்லது, மிக நல்லது. ஆனால் அழுத்தத்துக்கு அறிகுறி ஏது? "நல்லாத்தானே இருக்கேன்" என்று இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். தங்கைகளே, அந்தத் தெருவில் பக்கவாதம் வந்து கை இழுத்துக்கொண்டவர் ஒருவர் இருப்பார். அவர் ஒப்புக்கொண்டால், அவரையே பேசவிடுங்கள். "நானும் அப்பிடித்தான் நிறுத்துனேன்" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு நம் துண்டறிக்கை முழுவதும் ஈடாகாது.

மாணவர்களே, இப்போது உங்களுக்கு ஒரு கசப்பான விஷயம் சொல்ல வேண்டும். கூட்டத்தை எங்கே போடுகிறீர்கள் என்பதே யாருக்குச் சொல்கிறீர்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் போட்டால் காலனியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் வெளியே நிற்பார்கள். பெரிய வீட்டுத் திண்ணையில் போட்டால் அந்த வீட்டு நிலத்தில் வேலை செய்கிறவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கமாட்டார். சேற்றில் நிற்பவர்கள் யார்? தரையில் படுப்பவர்கள் யார்? சாக்கடை ஓரத்தில் குடிசை போட்டவர்கள் யார்? அவர்கள் வராத கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் அது பேச்சோடு நின்றுவிடும். ஆகவே முதல் கூட்டத்தைக் காலனியில் போடுங்கள். அங்கே கொடுக்கும் டீயைக் குடியுங்கள். மற்ற தெருக்காரர்கள் அங்கே வரட்டும். வருவார்கள், கொஞ்ச நாள் ஆகும், ஆனால் வருவார்கள்.

நேரமும் அப்படித்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் படுகையில் பகலில் ஆள் கிடைக்காது. நடவு நேரத்தில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்று சுற்றறிக்கை போடுகிறவர், வேலைக்குப் போகாத ஆண்களுக்கு மட்டும்தான் கர்ப்பகாலச் சத்துணவு பற்றிச் சொல்லப் போகிறார். நூறு நாள் வேலை நடக்கும் குளக்கரை, மதியச் சாப்பாட்டு இடைவேளை, பத்து நிமிடம். அதைவிட நல்ல வகுப்பறை எனக்குக் கிடைத்ததில்லை.

இன்னொரு கவலை இருக்கிறது. நாம் ஜெயித்த நோயை மக்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவின் கடைசிக் காட்டு வகைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத வட்டாரம் என்று சான்றும் வந்துவிட்டது. இன்றைய இளம் தாய் சூம்பிய காலோடு தவழ்ந்து வந்த பிள்ளையைப் பார்த்ததில்லை. அவளிடம் சொட்டு மருந்து எதற்கு என்று எப்படிச் சொல்வது? யானைக்காலும் அப்படி ஆகப்போகிறது. கும்பகோணத்துக் கல்லூரி மாணவர்களில் பலர் அந்தக் காலைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கொசு போகவில்லை, சாக்கடை போகவில்லை. வேறு மாநிலங்களிலிருந்து வேலைக்கு வரும் தோழர்களின் ரத்தத்தில் குஞ்சு இருந்தால் நம் கொசு அதை எடுத்துக்கொள்ளும். அதற்காக அவர்களைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். அவர்கள் மொழியில் சொல்ல ஆள் வையுங்கள், அவர்களுக்கும் சோதனை, அவர்களுக்கும் மாத்திரை. அவர்கள் தங்கும் கொட்டகைக்கு இரவில் போக வேண்டும் என்றால், முன்பு நம் வீடுகளுக்குப் போனோமே, அதேபோல் போவோம்.

சாக்கடை போகவில்லை என்றேன். அது யார் கடமை? 1939இல் சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே அப்படிப்பட்ட முதல் சட்டம். கழிவுநீரைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் உள்ளாட்சிக்குக் கடமைகளை அது வகுத்தது. அதனால்தான் ஊராட்சித் தலைவர்களே, கடைசியாக உங்களிடம் வருகிறேன். நர்சம்மாவின் பதிவேட்டில் எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை, எத்தனை அழுத்தச் சோதனை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. அவர் ஒரு திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஓர் அப்பாயியின் பயத்தைப் போக்கியதற்குக் கட்டம் இல்லை. அந்த அரை மணி நேரத்தை அவருக்கு வாங்கிக் கொடுங்கள். அடுத்த கிராமசபையில் மூன்று தீர்மானம் வையுங்கள். வாய்க்காலில் விழும் கழிவுக் குழாய்கள் எத்தனை, யார் யாருடையவை என்று கணக்கெடுங்கள். மூடி இல்லாத கழிவுத் தொட்டிகளுக்கு மூடி போடுங்கள், காற்றுக் குழாய் வாயில் வலை கட்டுங்கள். உங்கள் ஊரில் யானைக்காலோடு வாழ்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, அவர்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை வருகிறதா, சோப்பும் களிம்பும் கிடைக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கிராமசபைக் கூட்டத்தைக் காலனியில் போடுங்கள். நானும் வருகிறேன், கூப்பிடுங்கள்.